இஸ்தான்புல் யெரெபத்தான் நிலத்தடி நீர்த்தேக்கம்: எங்கே தங்குவது, எப்போது இறங்குவது?

மழைக்காதலி (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசியில் இஸ்தான்புல் போகிறோம். அம்மா, நான், கல்லூரியில் படிக்கும் தம்பி. விசா வந்துவிட்டது, விமான டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. தங்கும் இடம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

தம்பிக்கு யெரெபத்தான் நீர்த்தேக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பசிலிக்கா சிஸ்டர்ன் என்று எல்லோரும் சொல்கிறார்களே, தூண்களும் தண்ணீருமாக நிலத்துக்கடியில் இருக்கிற இடம், அதுதான். போய்வந்த உறவினர் ஒருவரோ, "தண்ணித் தொட்டிக்கா இவ்வளவு காசு? இருபது நிமிஷத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது" என்கிறார். அம்மாவுக்கு முட்டிவலி. படி ஏறி இறங்க நேரம் எடுக்கும். சுத்த சைவம் வேறு.

பக்கத்திலேயே சுல்தான்அஹ்மத்தில் தங்கலாமா, இல்லை தக்ஸிம் பக்கம் போட்டுவிட்டு ட்ராமில் வந்து போகலாமா? அந்த நீர்த்தேக்கத்துக்கு உண்மையிலேயே எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? போனவர்கள் சொல்லுங்கள்.

---

பயணப்பித்தன் (மதுரை)

வாங்க மழைக்காதலி. சுல்தான்அஹ்மத், குல்ஹானே, சிர்கேஜி, இந்த மூன்றில் ஒன்றில் தங்குங்கள். தக்ஸிம் இளவட்டங்களுக்கு நல்ல இடம்தான், ஆனால் உங்கள் பட்டியலுக்கு ஒத்துவராது. அங்கிருந்து வருவதென்றால் ஃபுனிகுலர் என்ற சரிவு ரயிலில் கபதாஷ் இறங்கி, டி1 ட்ராம் பிடித்து, கூட்டத்தில் நின்றபடியே வர வேண்டும். முட்டிவலி உள்ள அம்மாவுக்கு அதிலேயே பாதிச் சக்தி போய்விடும்.

அதைவிடப் பெரிய காரணம், யெரெபத்தானை நேரம் பார்த்துப் பார்க்க வேண்டும். காலை பத்தரை மணியிலிருந்து மாலை நான்கு வரை சுற்றுலாக் குழுக்கள் வந்துகொண்டே இருக்கும். கொடி பிடித்த வழிகாட்டி, பின்னால் நாற்பது பேர். நடைபாதை முழுக்க செல்ஃபி. அந்த நேரத்தில் போனவர்கள்தான் "இருபது நிமிஷத்தில் ஒன்றுமில்லை" என்று சொல்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது நின்றால் முதல் அரை மணி நேரம் தூண்களும் தண்ணீரும் உங்களுக்கு மட்டும்தான். அப்படி நிற்க வேண்டுமானால் நடந்து வரும் தூரத்தில் படுத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் தங்கச் சொல்வது இதற்காகத்தான்.

இரவு நுழைவும் உண்டு. மாலை ஆறரைக்கு மூடிவிட்டு ஏழரைக்கு மறுபடி திறந்து பத்து வரை விடுகிறார்கள். டிக்கெட் விலை பகலைவிட நன்றாகவே கூட. சில நாட்களில் இசை நிகழ்ச்சியும் நடக்கும். ஆனால் கூட்டம் குறைவு.

---

நடைபயணி (சென்னை)

பயணப்பித்தன் அண்ணன் சொல்வதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். பக்கத்தில் தங்குவது சரி. ஆனால் விலையையும் பேச வேண்டும்.

துருக்கியில் பணவீக்கம் கடுமையாக இருப்பதால் டிக்கெட் விலை வருடத்தில் பலமுறை மாறுகிறது. எந்தப் பழைய பதிவில் பார்த்த தொகையையும் நம்ப வேண்டாம். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. இன்னொன்று, அருங்காட்சியகப் பாஸ் வாங்கியிருந்தாலும் இங்கே செல்லாது, ஏனென்றால் இதை நடத்துவது இஸ்தான்புல் மாநகராட்சி. பாஸ் கலாச்சார அமைச்சகத்தின் இடங்களுக்குத்தான். வாசலில் பாஸை நீட்டிவிட்டு வாக்குவாதம் செய்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

செலவு கட்டுப்படி ஆகவில்லை என்றால் ஷெரெஃபியே நீர்த்தேக்கம் இருக்கிறது. செம்பர்லிதாஷ் ட்ராம் நிறுத்தத்துக்குப் பக்கம். பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில், அதாவது ஐந்தாம் நூற்றாண்டில் கட்டியது. யெரெபத்தானைவிட ஏறக்குறைய 100 வருடம் மூத்தது. 32 தூண்கள்தான், ஆனால் 9 மீட்டர் உயரம். மேலே இருந்த பழைய மாளிகையை இடித்தபோது வெளியே வந்து, சீரமைத்து 2018இல் திறந்தார்கள். சுவரிலும் கூரையிலும் ஒளிக்காட்சி போடுகிறார்கள். கூட்டம் மிகவும் குறைவு. பின்பிர்திரெக் என்று 224 தூண்களோடு இன்னொன்றும் அருகிலேயே உண்டு, ஆனால் அதில் தண்ணீர் கிடையாது.

---

நீர்வழி (கோயம்புத்தூர்)

குடிநீர் வடிகால் வேலையிலேயே காலத்தை ஓட்டியவன் நான். "வெறும் தண்ணித் தொட்டி" என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தொட்டிதான். அந்தத் தொட்டி ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் பார்வையே மாறிவிடும்.

இஸ்தான்புல்லின் பழைய பெயர் கான்ஸ்டான்டிநோபிள். அந்தப் பழைய நகரம் மூன்று பக்கம் கடல் சூழ்ந்த முனை. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு கிடையாது. நகருக்குள் சொல்லிக்கொள்ளும்படி ஆறு இல்லை. நல்ல தண்ணீர் எல்லாம் வடக்கிலும் மேற்கிலும் உள்ள காடு, குன்றுகளில் இருந்து கால்வாய் வழியாக வர வேண்டும். அந்த ஏற்பாட்டின் ஒரு துண்டை நீங்கள் இன்றைக்கும் பார்க்கலாம். அத்தாத்துர்க் சாலைக்கு மேலே குறுக்காக நிற்கிறதே இரண்டடுக்கு வளைவுப் பாலம், வாலன்ஸ் நீர்வழிப்பாலம், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கார்கள் இன்னும் அதன் வளைவுகளுக்குள் புகுந்துதான் போகின்றன.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, குளிர்காலத்தில் வேண்டிய அளவுக்கு மேல் வரும், கோடையில் வறண்டுபோகும். இரண்டு, எதிரி முற்றுகை போட்டால் முதல் வேலையாகக் கால்வாயை வெட்டிவிடுவான். 626இல் முற்றுகை போட்ட அவார் என்ற நாடோடி இனத்தார் அதைத்தான் செய்தார்கள். வாலன்ஸ் வழி பழுதுபார்க்கப்பட்டது 766இல்! 140 வருடம். ஆகவே நகருக்குள்ளேயே தேக்கி வைத்தாக வேண்டும். இஸ்தான்புல்லுக்கு அடியில் நூற்றுக்கணக்கில் தொட்டிகள் இருப்பது இதனால்தான். யெரெபத்தான் அவற்றில் மூடிய வகையில் பெரியது.

ஆறாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் இதைக் கட்டிய கதையை அதே காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதி வைத்திருக்கிறார். வழக்கறிஞர்கள் வழக்குக்குத் தயார் செய்யும் தூண் மண்டபம் ஒன்று இருந்தது. அதன் முற்றத்துக்கு அடியில் ஆழமாகத் தோண்டி, மற்ற பருவங்களில் வீணாகப் போகும் தண்ணீரைக் கோடைக்காகச் சேர்த்து வைத்தார் என்கிறார். பசிலிக்கா என்ற பெயர் அந்த மண்டபத்தில் இருந்து வந்தது.

அளவைப் பாருங்கள். நீளம் 138 மீட்டர், அகலம் 65 மீட்டர். 12 வரிசை, வரிசைக்கு 28 தூண், மொத்தம் 336. ஒவ்வொன்றும் 9 மீட்டர். கொள்ளளவு ஏறக்குறைய 80,000 கனமீட்டர், நம் கணக்கில் 8 கோடி லிட்டர். நிரம்பி நிற்கும்போது சுவரின் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 8, 9 டன் அழுத்தம். அதனால்தான் செங்கல் சுவர் 4 மீட்டருக்கு மேல் கனம். சுண்ணாம்போடு செங்கல் தூளைக் கலந்து பூசியிருக்கிறார்கள். ஹொராசான் சாந்து என்று துருக்கியர்கள் சொல்லும் பூச்சு. செங்கல் தூள் சேர்ந்த சுண்ணாம்பு ஈரத்திலேயே இறுகும், தண்ணீரை உள்ளே விடாது. போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு 1300 வருடம் முன்னால்!

மூடி வைத்ததற்கும் காரணம் உண்டு. வெயில் படாது, பாசி பிடிக்காது, ஆவியாகாது. தொட்டி மேட்டில், அந்தக் காலத்துப் பேரரசரின் அரண்மனை கீழே கடலை நோக்கிய சரிவில். பம்பு எதுவும் வேண்டாம், தண்ணீர் தானாக இறங்கிப் போகும்.

போகிறவர்கள் தயவுசெய்து தலைக்கு மேலேயும் பாருங்கள். தூணைப் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். தூணிலிருந்து தூணுக்கு வளைவு கட்டி, நான்கு வளைவுக்கு நடுவே செங்கலைக் குடைபோல் மூடியிருக்கும் வேலை அங்கேதான் இருக்கிறது. நடுநடுவே மெல்லிய இரும்பு இழுகம்பிகள் தெரியும். அவை நிலநடுக்கத்துக்காக அண்மைய சீரமைப்பில் போட்டவை. இஸ்தான்புல் நிலநடுக்கப் பகுதி. 2025 ஏப்ரலில்கூட மர்மரா கடலில் 6.2 அளவில் ஒன்று வந்தது.

---

மழைக்காதலி (திருச்சி)

நீர்வழி ஐயா, இதைத் தம்பிக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். சிவில் படிக்கிறான், துள்ளிக் குதிக்கிறான்.

அம்மா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லுங்களேன். எத்தனை படி? உள்ளே உட்கார இடம் உண்டா?

---

வெள்ளவத்தை வாசி (கொழும்பு)

வணக்கம் தங்கச்சி. நாங்கள் போன நேரம் என்னுடைய மாமியாரும் கூட வந்தவ. அவவுக்கும் முழங்கால் பிரச்சினைதான்.

இறங்கிறதுக்கு 52 கல்படி. கைப்பிடி இருக்குது, அகலமான படிதான், ஆனால் கீழே போகப் போக ஈரம். மேலே இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணி விழும், தலையிலும் விழும். தட்டையான, வழுக்காத அடிப்பாகம் உள்ள சப்பாத்து போட்டு விடுங்கோ, செருப்பு வேண்டாம். உள்ளே இறங்கின பிறகு நடைபாதை மட்டமாகத்தான் போகும், அதில் கஷ்டம் இல்லை. திரும்பி ஏறுகிற இடம் வேற பக்கம். மாமியார் மெல்ல மெல்ல நின்று நின்று ஏறினவ, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. காலமை போனதால்தான் அது முடிந்தது. பின்னால் நூறு பேர் நின்றால் வயசானவைக்குப் பதட்டம் வந்திடும். படியே ஏலாது என்கிற நிலை என்றால் வாசலில் நிற்கிற அலுவலரிடம் முதலே கேட்டுப் பாருங்கோ.

ஹொட்டல் பற்றி முக்கியமான ஒரு விஷயம். சுல்தான்அஹ்மத்தில் இருக்கிற சின்ன ஹொட்டல்கள் நிறைய பழைய வீடுகள். பார்க்க அவ்வளவு வடிவு. ஆனால் லிஃப்ட் இராது! படத்தில் மொட்டை மாடியில் கடலைப் பார்த்தபடி காலை உணவு என்று போட்டிருப்பார்கள். அந்த மாடிக்கு ஒடுங்கின சுழல்படியில் நாலு தட்டு ஏற வேண்டும். எங்களுக்கு ஒரு விடுதியில் லிஃப்ட் இருக்குது என்று எழுதி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் லிஃப்ட் இரண்டாம் மாடியிலிருந்துதான் தொடங்குது. அதுவரைக்கும் பெட்டியோடு படி. சண்டை பிடிச்சு வேற அறை வாங்கினோம். ஆகவே "தெருவில் இருந்து அறை வரைக்கும் லிஃப்ட் இருக்கா, காலை உணவு எந்த மாடியில்" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கோ.

இரண்டாவது, சரிவு. ஜான்குர்தரான் பக்கம் கடலை நோக்கி இறங்கும் தெருக்கள் எல்லாம் கல் பதிச்சது. இறங்கும்போது சுகம், பின்னேரம் திரும்பி ஏறும்போது தெரியும். சிர்கேஜியில் இருந்து நடந்து வந்தாலும் ஏற்றம்தான், ஆனால் அங்கே ட்ராம் இருக்குது. சிர்கேஜி, குல்ஹானே, சுல்தான்அஹ்மத், இரண்டே நிறுத்தம்.

---

பயணப்பித்தன் (மதுரை)

வெள்ளவத்தை அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. கூடவே ஒன்று: விடியற்காலை பாங்கு. நீல மசூதியும், தேவாலயமாகக் கட்டி இப்போது மசூதியாக இருக்கும் அயா சோஃபியாவும் எதிரெதிரே. ஒன்றில் ஒரு வரி ஓதி நிறுத்த, மற்றதில் இருந்து அடுத்த வரி வரும். எனக்கு அது கேட்கக் கிடைத்ததே பாக்கியம். தூக்கம் கலைந்தால் மறுபடி வராது என்பவர்கள் சிர்கேஜி பக்கம் கொஞ்சம் தள்ளி எடுத்துக்கொள்ளுங்கள்.

---

ஏட்டுச்சுவடி (தஞ்சாவூர்)

வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் நானும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

யெரெபத்தானை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். முதலில் பழைய குதிரைப் பந்தயத் திடலுக்கு, அதாவது நீல மசூதிக்கு முன்னால் இருக்கும் நீண்ட சதுக்கத்துக்குப் போங்கள். 532 ஜனவரியில் அங்கேதான் நிக்கா கலகம் வெடித்தது. நீலம், பச்சை என்று எதிரும் புதிருமாக இருந்த இரண்டு தேரோட்ட ரசிகர் கூட்டமும் ஒன்றுசேர்ந்து பேரரசருக்கு எதிராகத் திரும்பிவிட்டன. நகரின் நடுப்பகுதி எரிந்தது, பழைய அயா சோஃபியாவும் எரிந்தது. ஜஸ்டினியனின் படை திடலுக்குள் புகுந்து கொன்றவர்கள் 30,000க்கு மேல் என்று புரோகோபியஸ் எழுதுகிறார். அந்தச் சாம்பலுக்கு மேல்தான் இன்று நாம் பார்க்கும் அயா சோஃபியாவை ஐந்தே வருடத்தில், 537இல் கட்டி முடித்தார்கள். நீர்த்தேக்கமும் அதே பேரரசரின் வேலை. மூன்றுக்கும் இடையே ஐந்து பத்து நிமிட நடைதான். திடல், அயா சோஃபியா, தொட்டி என்ற வரிசையில் போனால் ஒரே கதையை மூன்று இடத்தில் நின்று கேட்ட மாதிரி இருக்கும்.

திடலில் கிரேக்கத்தின் டெல்ஃபியில் இருந்து கொண்டுவந்த பாம்புத் தூண் இருக்கிறது. அது இன்றைய தரைமட்டத்தை விடப் பள்ளத்தில் நிற்கும். குனிந்து பாருங்கள். பழைய நகரின் தரை அதுதான். அதற்குப் பிறகு மண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அங்கேயே கண்ணால் அளந்துவிடலாம்.

இப்போது மெதூசா, கிரேக்கப் புராணத்தில் தலைமுடிக்குப் பதில் பாம்புகள் உள்ள அரக்கி. வடமேற்கு மூலையில் இரண்டு தூண்களுக்கு அடியில் இரண்டு தலைகள். ஒன்று தலைகீழ், ஒன்று பக்கவாட்டில். பார்த்தால் கல்லாகிவிடுவோம் என்பதால் திருப்பி வைத்தார்கள் என்று வழிகாட்டிகள் சுவையாகச் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. இந்தத் தூண்களில் பெரும்பாலானவை பழைய கட்டடங்களில் இருந்து எடுத்து வந்தவை. தலைப்பு ஒரு பாணி, தண்டு இன்னொரு பாணி, சில தூண்கள் இரண்டு துண்டை ஒட்டியவை. உயரம் குறைந்த இடத்தில் கிடைத்த கல்லை அண்டக் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் வைத்தால் உயரம் சரியாக வருமோ அந்தப் பக்கம். தண்ணீருக்கு அடியில் போகப்போகிற கல்லின் முகம் எப்படி இருந்தால் கொத்தனாருக்கு என்ன? 1980களில் பல ஆயிரம் டன் சேற்றை அள்ளி 1987இல் பொதுமக்களுக்குத் திறந்தார்களே, அந்தச் சுத்தம் செய்யும் வேலையில்தான் தலைகள் வெளியே வந்தன.

பக்கவாட்டில் கிடக்கும் தலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு கன்னம் தரையோடு. நெற்றியைச் சுற்றிப் பாம்புகள் தடித்த சுருளாக. உதடு கொஞ்சம் பருத்து, மூடியபடி. ஈரத்தில் கல் பச்சை பூத்திருக்கும். செதுக்கியவனின் உளி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது பக்கவாட்டு விளக்கில் நன்றாகத் தெரியும்.

இன்னொரு தூணையும் தேடுங்கள். உடம்பு முழுக்கக் கண்ணீர்த் துளி மாதிரி, மயில் கண் மாதிரி செதுக்கல். எப்போதும் நனைந்தே இருக்கும். அதே செதுக்கல் உள்ள துண்டுகள் பெயாஸித் ட்ராம் பாதை ஓரம் திறந்தவெளியில் கிடக்கின்றன. முதலாம் தியோடோசியஸின் வெற்றி வளைவின் மிச்சம் அவை. காசு கொடுக்காமல் தொட்டுப் பார்க்கும் தூரத்தில்.

---

நடைபயணி (சென்னை)

அக்கா, அந்தப் பெயாஸித் துண்டுகளைத் தாண்டி நானே போயிருக்கிறேன், இந்தத் தொடர்பு தெரியாது. நன்றி.

ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2022இல் மறுபடி திறந்த பிறகு உள்ளே விளக்கு நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு நிமிடம் சிவப்பு, அடுத்து பச்சை, அப்புறம் ஆரஞ்சு. தண்ணீருக்குள் நவீனச் சிற்பங்கள் வேறு வைத்திருக்கிறார்கள். 1500 வருடத் தூணுக்கு முன்னால் எதற்கு இந்த அலங்காரம்?

---

ஏட்டுச்சுவடி (தஞ்சாவூர்)

சிற்பங்கள் பற்றி எனக்கும் அதே மனத்தாங்கல் உண்டு தம்பி. ஆனால் அதே சீரமைப்பில் நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். முந்தைய பழுதுபார்ப்புகளில் தரையில் ஊற்றியிருந்த சிமென்ட்டைப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். இப்போது ஆழம் குறைந்த தண்ணீர் வழியாக அசல் செங்கல் தரை தெரிகிறது. பழைய கனமான நடைமேடையை எடுத்துவிட்டு மெலிதானதைத் தாழ்வாகப் போட்டதால் தூண்கள் உயரமாகத் தெரிகின்றன. விளக்கு இருண்டு அடுத்த நிறம் வருவதற்குள் சில நொடி கிடைக்கும், அப்போது பாருங்கள்.

---

நீர்வழி (கோயம்புத்தூர்)

நானும் அக்கா பக்கம்தான். சிமென்ட்டை எடுத்தது பெரிய வேலை. பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துச் செங்கல் உதிரும். நம் ஊர்க் கோயில்களிலும் இதே பிரச்சினையை எல்லோரும் பார்க்கிறோம்.

விளக்கு இல்லாத காலத்தில் இதைப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். பியேர் ஜில் என்ற பிரெஞ்சு அறிஞர், 1540களில் அங்கே போனவர். மேலே குடியிருந்தவர்கள் வீட்டுக் கிணற்றில் வாளி விட்டுத் தண்ணீர் இறைக்கிறார்கள், மீன்கூடப் பிடிக்கிறார்கள், ஆனால் அடியில் இருப்பது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. இவர் தேடி அலைந்து, கீழே இறங்க வழி இருந்த ஒரு வீட்டுக்குள் போய்விட்டார். வீட்டுக்காரர் தீப்பந்தம் கொளுத்திச் சின்னப் படகில் இவரை ஏற்றித் தூண்களுக்கு நடுவே துடுப்பு போட்டுப் போயிருக்கிறார். அவருக்கு இந்தத் தூண்கள் பற்றிக் கவலையே இல்லை, பந்த வெளிச்சத்தில் மீனைக் குத்திப் பிடிப்பதிலேயே குறி. ஜில் பாட்டுக்குத் தூணை எண்ணிக்கொண்டிருந்தார். 336! அன்றைக்கு எண்ணியதும் சரியாக இருக்கிறது.

இப்போது நாம் சுற்றும்போது எல்லாத் தூணும் கண்ணில் படாது. ஒரு மூலையில் இருப்பவற்றை 19ஆம் நூற்றாண்டில் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்துக் குறைகிறதே என்று தம்பி குழம்ப வேண்டாம்.

---

தோசைப்பிரியை (சிங்கப்பூர்)

சாப்பாட்டை யாரும் எடுக்கவில்லையே! அம்மா பட்டினி கிடக்க மாட்டார், கவலைப்படாதீர்கள்.

காலையில் ஹோட்டல் சாப்பாட்டையே வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள். ரொட்டி, நாலைந்து வகைச் சீஸ், ஆலிவ், தக்காளி, வெள்ளரி, தேன், ஜாம். முட்டை வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். வெளியே மெர்ஜிமெக் சூப், அதாவது பருப்பு சூப், எங்கேயும் கிடைக்கும். மேலே எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் நம் பருப்பு ரசத்துக்கு அக்கம்பக்கம்தான். ஆனால் சில கடைகளில் எலும்புத் தண்ணீரில் வைப்பார்கள். பிலாவ் சோறும் அப்படித்தான், பார்த்தால் வெறும் சோறு, கோழிச் சாற்றில் வெந்திருக்கும். "எத்ஸிஸ்" என்று கேளுங்கள், இறைச்சி இல்லாதது என்று புரியும். அதோடு நிறுத்தாமல் கோழிச் சாறும் இல்லையே என்று கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் துண்டு போடவில்லை என்றால் சைவம் என்றே அங்கே பலர் நினைக்கிறார்கள்.

பயமில்லாமல் வாங்கக்கூடியது சீஸோ கீரையோ வைத்த கொஸ்லெமே. கண் முன்னாலேயே மாவைத் தேய்த்து, அகலமான கல்லில் போட்டு எடுப்பார்கள். சீஸ் பிதே என்ற படகு வடிவ ரொட்டி, தெருவில் சிமித் என்ற எள் தூவிய வளைய ரொட்டி, வாட்டிய சோளம். ஆலிவ் எண்ணெயில் செய்த காய்கறி வகைகள் ஆறியே வரும், சுவையாக இருக்கும். சுல்தான்அஹ்மத் சதுக்கத்தில் விலை அதிகம். சிர்கேஜி ரயில் நிலையத்துக்கு எதிரே ஹோஜாபாஷா சந்துகளில் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே போங்கள். தயிர் எங்கும் கிடைக்கும். அம்மாவுக்கு ஊறுகாய் பாட்டில் ஒன்றைப் பெட்டியில் வைத்துவிடுங்கள், வெறும் சோற்றையும் தயிரையும் வைத்தே சமாளித்துவிடுவார்.

---

பயணப்பித்தன் (மதுரை)

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். விமான நிலையம் நகரிலிருந்து 40 கிலோமீட்டர் போல வரும். மெட்ரோ உண்டு, ஆனால் மாறி மாறி ஏற வேண்டும். பெட்டியோடும் அம்மாவோடும் வேண்டாம். மஞ்சள் டாக்சி எடுங்கள், மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்து உட்காருங்கள். கறுப்பு டாக்சி கட்டணம் ரொம்ப அதிகம். தனியாகப் போவதென்றால் விமான நிலையப் பேருந்தில் பெயாஸித் வந்து ட்ராம் மாறலாம். இஸ்தான்புல்கார்ட் என்ற பயண அட்டை ஒன்று வாங்கினால் மூன்று பேரும் அதையே மாறி மாறித் தட்டிக்கொள்ளலாம்.

யெரெபத்தான் வாசலிலும் அயா சோஃபியா வாசலிலும் "வரிசை இல்லாமல் உள்ளே கூட்டிப் போகிறேன்" என்று வருகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். சிலர் வெறுமனே பேச்சுக் கொடுத்துக் கம்பளக் கடைக்கு அழைத்துப் போவார்கள். ஷூ பாலிஷ் போடுகிறவர் உங்கள் முன்னால் பிரஷைத் தவற விட்டுவிட்டுப் போவார், எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கு பாலிஷ் போடுவதாக உட்கார வைத்துக் காசு கேட்பார். தம்பியிடம் இதைச் சொல்லி வையுங்கள். மற்றபடி மக்கள் அன்பானவர்கள், வயதானவர்கள் என்றால் ட்ராமில் உடனே எழுந்து இடம் கொடுப்பார்கள்.

---

மழைக்காதலி (திருச்சி)

முடிவு செய்துவிட்டோம். குல்ஹானே நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. லிஃப்ட் தெருவில் இருந்தே உண்டு, காலை உணவு தரைத்தளத்தில். இரண்டையும் எழுத்தில் வாங்கிவிட்டேன் அக்கா. குல்ஹானே பூங்காவில் ஏப்ரலில் துலிப் பூத்திருக்கும் என்பதால் அம்மாவுக்கும் ஒரு குஷி.

திட்டம் இது. செவ்வாய் காலை ஒன்பதுக்கு யெரெபத்தான், பிறகு டோப்காபி அரண்மனை. வெள்ளி காலை திடலும் அயா சோஃபியாவும். ஞாயிறு கிராண்ட் பஜார். தம்பி மட்டும் இன்னொரு நாள் இரவில் தனியாக யெரெபத்தானுக்குப் போவான். சரியா?

---

ஏட்டுச்சுவடி (தஞ்சாவூர்)

மூன்றுமே இடிக்கிறது! டோப்காபி செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெள்ளி நண்பகல் தொழுகைக்காக அயா சோஃபியாவில் பயணிகளைத் தொழுகை முடியும் வரை விடமாட்டார்கள். கிராண்ட் பஜார் ஞாயிறு மூடியிருக்கும்.

இப்படி மாற்றுங்கள். செவ்வாய் காலை முதலில் திடல், ஒன்பது மணிக்கு யெரெபத்தான், விடுதிக்கு வந்து அம்மா கொஞ்சம் ஓய்வு, மாலை வெயில் தாழ்ந்ததும் அயா சோஃபியா. அங்கே 2024இலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டும்தான், கட்டணம் 25 யூரோ. மேலே போவது கல் பாவிய சரிவுப் பாதையில், அம்மாவுக்குக் கைகொடுத்துக் கூட்டிப் போங்கள். தலைக்கு ஒரு துப்பட்டா. டோப்காபியைப் புதனுக்கும், பஜாரை வெள்ளிக்கும் தள்ளிவிடுங்கள்.

தொட்டியை முடித்து வெளியே வந்ததும் ட்ராம் பாதை முனையில் உயரமான ஒரு கல் கோபுரம் நிற்கும், பக்கத்தில் பள்ளத்தில் ஒரு உடைந்த கல்தூண். கோபுரம் உஸ்மானியர் காலத்து நீர் அழுத்தக் கோபுரம். உடைந்த கல்தான் மிலியோன், பைசாந்தியப் பேரரசின் சாலைத் தூரங்களை எல்லாம் அளக்கத் தொடங்கிய இடம். யாரும் நின்று பார்ப்பதே இல்லை. நீங்கள் பாருங்கள்.

---

வானம்பாடி (தோஹா)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு இஸ்தான்புல்லில் அடுத்த விமானத்துக்கு எட்டு மணி நேரம் இடைவெளி. யெரெபத்தானை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

---

பயணப்பித்தன் (மதுரை)

விசா இருந்தால் முடியும், ஆனால் இறுக்கம். போகவர இரண்டரை மூன்று மணி நேரம் சாலையிலேயே போய்விடும், மாலை நெரிசலில் இன்னும் கூட. திரும்பி வந்து பாதுகாப்புச் சோதனைக்கு இரண்டு மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும். பகலில் இறங்கி, பெரிய பெட்டி எதுவும் கையில் இல்லை என்றால் மட்டும் கிளம்புங்கள். டர்கிஷ் ஏர்லைன்ஸில் வருகிறீர்கள் என்றால் இடைநிற்கும் பயணிகளுக்கு அவர்களே இலவச நகர்ச்சுற்று நடத்துகிறார்கள், அதற்கும் விசா வேண்டும். எந்த நேரத்துச் சுற்றில் எந்த இடம் என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.